மெல்லிய முனையங்களும் அவற்றை ஆளும் கருவிகளும்

மும்பையிலும் தில்லியிலும் அகமதாபாத்திலும் உத்தியோகத்தின் பொருட்டு வாழ்ந்துவரும் நம்மவர்களில், பொங்கலுக்கு ஊர் செல்ல ரயில்வே முன்பதிவு நிலையத்தில் வரிசையில் நின்றறியாதவர் சிலரே இருப்பர். சாளரத்துக்கு அப்பால் அமர்ந்திருக்கும் ஊழியர் விசைகளைத் தட்டுகிறார். திரையில் எழுத்துகள் தோன்றுகின்றன. சீட்டு அச்சாகி வெளிவருகிறது. அவருடைய மேஜைமேல் இருக்கும் யந்திரமே நமக்கு இடம் தேடிக் கொடுத்தது என்று பார்ப்பவர்கள் எண்ணக்கூடும். உண்மையில் அந்த யந்திரத்துக்கு ஒரு ரயிலின் பெயர்கூடத் தெரியாது. கணக்கு முழுவதும் வேறொரு நகரத்தில், ஒரு பெரிய கட்டடத்தில், பூட்டிய அறைக்குள் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டில் புது தில்லியில் தொடங்கிய கணிப்பொறி முன்பதிவுக்கு, பின்னர் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய நகரங்களிலும் மையங்கள் அமைந்தன. 1999-இல் ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அதன் பிறகே எந்த ஊர்ச் சாளரத்தில் நின்றாலும் எந்த ஊரிலிருந்து புறப்படும் வண்டிக்கும் இடம் கேட்பது எளிதாயிற்று.

அறிவு ஓரிடத்திலும், கண்ணும் கையும் வேறிடத்திலுமாக அமைந்த இந்த ஏற்பாடு நெடுநாளைய வழக்கம். 1961-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறை செய்து காட்டப்பட்டது. 1971-இல் ஐ.பி.எம். நிறுவனம் 3270 என்னும் முனைய வரிசையை வெளியிட்டது. அதே நிறுவனம் 1981-இல் தனியாள் கணிப்பொறியைக் கொண்டுவரவே, அறிவு மறுபடியும் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அதனோடு தொல்லைகளும் வந்தன. ஆயிரம் மேஜை என்றால் ஆயிரம் வட்டு, ஆயிரம் இடங்களில் கோப்பு, வைரஸ் நுழைய ஆயிரம் வாசல். ஆகையால் 1995-இல் சிட்ரிக்ஸ் நிறுவனத்தின் வின்ஃபிரேமும், 1998-இல் மைக்ரோசாஃப்டின் டெர்மினல் சர்வர் பதிப்பும் வந்தபோது, பழைய முனையத் தத்துவம் வண்ணத் திரையோடு திரும்பி வந்தது எனலாம்.

இன்று அத்தத்துவம் அடைந்திருக்கும் வடிவத்தை மெய்நிகர் மேஜைக்கணினி என்கிறார்கள். தரவு மையத்தில் உள்ள ஒரு பெரிய சர்வருக்குள்ளே, மென்பொருளின் உதவியால் பல கணிப்பொறிகள் தனித்தனியே இருப்பது போன்ற தோற்றம் உண்டாக்கப்படுகிறது. காலையில் ஊழியர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்ததும், வழிகாட்டியாக நிற்கும் ஒரு மென்பொருள் அவருக்குரிய மெய்நிகர் கணிப்பொறியைக் காட்டிவிடுகிறது. அதன்பின் மேஜையிலிருந்து செல்வன விசைத் தட்டல்களும் சுட்டியின் அசைவுகளும். திரும்பி வருவது திரையின் படம். இதற்கு மேஜைமேல் வேண்டுவது, ஒரு புத்தகத்தின் பருமனே உள்ள சிறு பெட்டி. இதைத் தொழிலில் ‘தின் கிளையன்ட்’ என்கிறார்கள். நாம் மெல்லிய முனையம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி களவு போனால் அலுவலகக் கோப்பு எதுவும் அதனோடு போவதில்லை. பெட்டி பழுதானால் வேறொன்றை வைத்து உள்ளே நுழையலாம். பாதியில் நின்ற கடிதம் பாதியிலேயே காத்திருக்கும். வங்கி, காப்பீட்டு நிறுவனம், மருத்துவமனை, அழைப்பு மையம் ஆகிய இடங்களில் இதற்கு மதிப்பு மிகுந்ததன் காரணம் இதுவே. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொதுப் பராமரிப்பு முடிந்தமையால், பழைய மேஜைக் கணிப்பொறிகளைத் தூக்கி எறியாமல், அவற்றில் சிறியதோர் இயக்கமுறைமையை நிறுவி முனையங்களாக மாற்றிக்கொள்ளும் வழியையும் சிலர் நாடுகிறார்கள்.

இனி நாம் கவனிக்க வேண்டிய விஷயம் வருகிறது. மெல்லியது என்று பெயர் பெற்றாலும், அப்பெட்டியும் ஒரு கணிப்பொறியே. அதற்குள் சிறிய இயக்கமுறைமை உண்டு, வலையில் ஒரு முகவரி உண்டு, கடிகாரம் உண்டு, நம்பத்தக்க சர்வர் எது என்று காட்டும் சான்றிதழ் உண்டு. கடிகாரம் சில ஆண்டுகள் பின்தங்கிவிட்டால், செல்லுபடியாகும் சான்றிதழையும் அது செல்லாதது என்று கருதி வாசலிலேயே நின்றுவிடும். ஒரு பெட்டியானால் ஒருவர் எழுந்து போய்ச் சரிசெய்யலாம். கோயம்புத்தூரிலிருந்து குவாஹாட்டி வரையில் எண்ணூறு கிளைகளில் பதினாயிரம் பெட்டிகள் இருந்தால் என்ன செய்வது? இதற்கெனவே நிர்வாகக் கருவிகள் தோன்றின. டெல் நிறுவனத்தின் வைஸ் மேனேஜ்மென்ட் சூட், எச்.பி.யின் டிவைஸ் மேனேஜர், ஜெர்மனியைச் சேர்ந்த ஐஜெல் நிறுவனத்தின் யுனிவர்சல் மேனேஜ்மென்ட் சூட் ஆகியவை இத்துறையில் நன்கு அறியப்பட்டவை. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும் இக்கருவிகளின் முன் அமர்ந்து இரவுப் பணி புரிவோரில் நம் இளைஞர்கள் பலர். ‘என்ன வேலை?’ என்று வீட்டில் கேட்டால் அவர்களுக்கு விளக்கத் தெரிவதில்லை. பெற்றோருக்கும் அது விளங்குவதில்லை. இக்கட்டுரை ஓரளவு அவர்களுக்காகவும்தான்.

உறையிலிருந்து எடுத்த புதுப் பெட்டி, தன்னை ஆளும் கருவி எங்கே இருக்கிறது என்று எவ்வாறு அறிகிறது? மாற்றலாகிப் புது ஊருக்கு வந்த உத்தியோகஸ்தர், தங்கும் இடத்தை விசாரிக்கும்போதே மேலதிகாரியின் விலாசத்தையும் விசாரித்துக்கொள்வார் அல்லவா? பெட்டியும் அவ்வாறே செய்கிறது. மின்சாரம் பாய்ந்ததும், ‘எனக்கு ஒரு முகவரி தருக’ என்று வலையில் கூவுகிறது. முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. என்னும் சேவை, முகவரியோடு எண்ணிட்ட சில குறிப்புகளையும் சேர்த்துக் கொடுக்க வல்லது. வைஸ் பெட்டிகள் 165 என்ற எண்ணிட்ட குறிப்பிலும், ஐஜெல் பெட்டிகள் 224 என்ற எண்ணிட்ட குறிப்பிலும் தம் மேலாளரின் பெயரைத் தேடுகின்றன. பெயர் கிடைத்ததும் அவ்விடம் சென்று பதிவு செய்துகொண்டு, தமக்குரிய குழுவில் சேர்ந்து, விதிகளைப் பெற்றுக்கொள்கின்றன. கிளையில் இருப்பவர் செய்ய வேண்டியதெல்லாம் இரண்டு கம்பிகளைச் செருகுவதுதான். இந்த முதல் அறிமுகத்தில் கூவும் பெட்டிக்கு யார் பதில் சொன்னாலும் அது நம்பிவிடும் நிலை இருந்தால், பிற்பாடு எவ்வளவு பூட்டுப் போட்டாலும் பயன் இல்லை. எனவே குழுவில் சேர ஒரு மறைச்சொல்லும், சர்வரின் சான்றிதழைச் சரிபார்த்தலும் வேண்டும் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துகிறார்கள்.

குழு என்பது ஒரு வம்சவிருட்சம் போன்றது. வேரில் எழுதிய விதி கிளைகளுக்கெல்லாம் இறங்கும். மண்டலத்துக்கு எழுதியது அம்மண்டலத்துக்கு மட்டும். ஒரு தனிப் பெட்டிக்கு எழுதியது அதற்கு மட்டும். கீழே எழுதியது மேலே எழுதியதை வெல்லும். எந்தச் சர்வரை நாட வேண்டும், திரை எவ்வளவு நேரத்தில் அணைய வேண்டும், யூ.எஸ்.பி. துளையில் சேமிப்புக் கோல் செருக விடலாமா என்பன போன்ற நூற்றுக்கணக்கான அமைப்புகள் இவ்வாறு இறங்கி வருகின்றன. பெரும் விபத்துகள் விளையும் இடமும் இதுவே. ஒரு கிளைக்கு எழுத எண்ணியதை வேரில் எழுதிவிட்டால், வலையமைப்பு பற்றிய ஒரே ஒரு தவறான எண் நாடு முழுவதும் உள்ள முனையங்களை ஊமையாக்கிவிடும். வலையையே இழந்துவிட்ட பெட்டிக்கு, திருத்திய விதியை அனுப்பவும் வழி இருக்காது. ஆகையால் தேர்ந்த நிர்வாகிகள், தம் அறையிலேயே இருக்கும் நாலைந்து பெட்டிகளுக்கு முதலில் அனுப்பி, ஓர் இரவு கழித்து ஒரு கிளைக்கும், சில நாள் பொறுத்து ஒரு மண்டலத்துக்கும், அதன் பின்னரே அனைத்துக்கும் அனுப்புகிறார்கள். மேலதிகாரி அவசரப்படுத்தும்போதும் இந்த வரிசையைக் கைவிடாதவரே இத்தொழிலில் தேர்ந்தவர் என்பது என் கருத்து.

பெட்டியின் உள்மென்பொருளைப் புதுப்பிப்பது தனிக் கலை. கணக்கைப் பாருங்கள். புதிய படிவத்தின் அளவு ஒரு கிகாபைட் என்று கொள்வோம். கிளைக்கு வரும் கம்பி வினாடிக்கு 10 மெகாபிட் வேகம் உடையது. ஒரு பெட்டிக்குப் படிவம் வந்து சேர 800 வினாடிகள், அஃதாவது பதின்மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். கிளையில் 100 பெட்டிகள் இருந்தால் 80,000 வினாடிகள். இருபத்திரண்டு மணி நேரத்துக்கும் மேலாகிறது. அதுவும் அந்தக் கம்பியை வேறு ஒருவரும் தொடாதிருந்தால்! மறுநாள் காலை வங்கி திறக்குமுன் இது முடியாது. எனவே ஒரே ஒரு பிரதியைக் கிளைக்கு அனுப்பி அங்கே ஒரு களஞ்சியத்தில் வைத்து, மற்றப் பெட்டிகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்கிறார்கள். ஐஜெல் கருவியிலோ, தனிக் களஞ்சியம் இல்லாத கிளையில் ஒரு முனையமே ஏனைய முனையங்களுக்குப் படிவம் வழங்கும் தோழனாக அமையலாம்.

இவ்வேலைகள் இரவில் நடப்பவை, பெட்டிகளோ அணைக்கப்பட்டிருக்கும். அவற்றை எழுப்பவும் உபாயம் உண்டு. உறங்கும் பெட்டியின் வலை அட்டை மட்டும் சிறிதளவு மின்சாரத்தை உண்டு விழித்திருக்கிறது. 102 பைட் நீளமுள்ள ஒரு செய்தியை அது எதிர்பார்க்கிறது. முதல் ஆறு பைட்டுகளும் ஒன்றே போன்ற குறிகள். தொடர்ந்து அந்த அட்டைக்கே உரிய ஆறு பைட் அடையாள எண் பதினாறு முறை வரும். திருப்பள்ளியெழுச்சி பாடுவதுபோல் தன் பெயரைப் பதினாறு தடவை கேட்டதும் பெட்டி கண் விழிக்கிறது. இச்செய்தி பொதுவாக ஒரு வலைப்பகுதியின் எல்லையைத் தாண்டுவதில்லை. ஆதலால் கிளைக்குள்ளேயே விழித்திருக்கும் ஏதேனும் ஒரு யந்திரம் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாலையில் மின்பலகையின் பிரதான விசையையே அணைத்துவிட்டுப் போகும் சிக்கனமான கிளைகளில் இந்தப் பூபாளம் பலிப்பதில்லை. அத்தகைய கிளைகளின் பெட்டிகள் பல மாதம் பழைய படிவத்தோடு இருப்பதும், அறிக்கையில் மட்டும் சிவப்பு நிறத்தில் தோன்றுவதும் நிர்வாகிகளின் நித்திய மனக்குறை.

விண்டோஸ் வகை இயக்கமுறைமையோடு வரும் முனையங்களில் ஒரு விசித்திரக் காவல் உண்டு. எழுத்து வடிகட்டி என்பது அதன் பெயர். நாள் முழுவதும் பெட்டியில் எழுதப்படுபவை எல்லாம் வட்டுக்குப் போகாமல் தற்காலிக நினைவகத்தில் மட்டும் தங்கும். பெட்டியை அணைத்து எழுப்பினால் எல்லாம் மறைந்து, முதல் நாள் இருந்த நிலை திரும்பும். கரும்பலகையை ஒவ்வொரு மாலையும் அழித்துவைப்பது போன்றது. விஷமி எவரேனும் கெடுதல் செய்திருந்தாலும் அதுவும் அழிந்துபோம். ஆனால் இக்காவலுக்கு நன்மை தீமை தெரியாது. நிர்வாகி அனுப்பும் திருத்தத்தையும் அது அழித்துவிடும். எனவே கருவியானது முதலில் வடிகட்டியை நீக்கி, பெட்டியை எழுப்பி, திருத்தத்தை எழுதி, மீண்டும் வடிகட்டியைப் பூட்ட வேண்டும். இவ்வரிசையில் ஒரு படி தவறினால், ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று மாலையில் அறிக்கை தந்த பெட்டி காலையில் பழையபடியே நிற்கும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றைப் பலர் நேரில் அனுபவித்த பிறகே அறிந்துகொள்கிறார்கள். அலுவலகத்தின் விண்டோஸ் குடும்பத்தில் சேர்ந்த ஒவ்வொரு கணிப்பொறிக்கும், அதை உபயோகிப்பவர் அறியாத ஒரு சொந்தக் கடவுச்சொல் உண்டு. வழக்கமான அமைப்பில் 30 நாளுக்கு ஒருமுறை கணிப்பொறி தானே அதை மாற்றித் தலைமைச் சர்வருக்கும் தெரிவிக்கிறது. முனையமும் அப்படியே மாற்றுகிறது. சர்வர் புதிய சொல்லைக் குறித்துக்கொள்கிறது. பெட்டியை அணைத்து எழுப்பியதும் வடிகட்டி தன் கடமையைச் செய்து, பெட்டியின் பக்கத்தில் பழைய சொல்லையே திருப்பிவைத்துவிடுகிறது. இனிப் பெட்டி ஒன்று சொல்ல, சர்வர் மற்றொன்றை எதிர்பார்க்க, இருவருக்கும் இடையே இருந்த நம்பிக்கை முறிகிறது. ஒரே காலத்தில் நிறுவிய முனையங்களானால் ஏறத்தாழ ஒரே காலத்தில் முறியும். நிறுவி ஒரு மாதம் செவ்வனே ஓடியவை, காரணமின்றி ஒவ்வொன்றாய்ச் சுருண்டு விழுவது கண்டு மின்சாரத்தையும் கம்பியையும் குற்றம் சொன்னவர்கள் உண்டு. அம்முனையங்களில் கடவுச்சொல் மாற்றத்தையே நிறுத்திவைக்கும் ஒரு விதியை முதல் நாளே எழுதிவிட்டால் தொல்லை இல்லை.

இதுவரை சொன்னவை கவனக்குறைவால் வருவன. பகைவரால் வரக்கூடியதும் உண்டு. பதினாயிரம் பெட்டிகளுக்கு ஒரே இடத்திலிருந்து ஆணையிடலாம் என்றால், அந்த இடத்தைக் கைப்பற்றியவனும் ஆணையிடலாம். 2020-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இதை உணர்த்தும் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வெளிவந்தன. முதலாவது எச்.பி.யின் டிவைஸ் மேனேஜரைப் பற்றியது. அக்கருவியின் தரவுத்தளத்துக்குள் ஒரு மறைவான கணக்கு இருந்ததை ஓர் ஆய்வாளர் கண்டார். அதன் கடவுச்சொல் என்ன தெரியுமா? ஒரே ஒரு வெற்றிடம். விசைப்பலகையின் நீண்ட கட்டையை ஒரு முறை தட்டினால் போதும். இதனோடு அவர் கண்ட வேறு குறைகளையும் சேர்த்துப் பயன்படுத்தினால், வெளியார் ஒருவர் அந்தச் சர்வரின் முழு அதிகாரத்தையும் பெற முடியும். நிறுவனம் திருத்திய பதிப்புகளை வெளியிட்டது.

இரண்டாவது, அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்தது. டெல் வைஸ் முனையங்களில் ஓடும் தின்ஓஎஸ் 8.6-ஐயும் அதற்கு முந்திய பதிப்புகளையும் பற்றியது. அம்முனையங்கள் தம் அமைப்பு விவரங்களை எஃப்.டி.பி. என்னும் பழைய கோப்புச் சேவையிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அமைக்கப்படுவது வழக்கம். அந்தச் சேவைக்குப் பெயரோ கடவுச்சொல்லோ கேட்கும் பழக்கம் இல்லாதிருந்தது. ஆகவே அதே வலையில் உள்ள எவரும் அக்கோப்பைப் படிக்கலாம், மாற்றியும் எழுதலாம். மாற்றி எழுதிய கோப்பைப் பெட்டி மறுகேள்வி இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். இக்குறைகளின் கடுமைக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் கொடுக்கப்பட்டது. இது பெருமைப்படத்தக்க மதிப்பெண் அன்று. பழைய சேவையை விட்டுப் பாதுகாப்பான வழியில் விவரங்களைப் பெறுமாறும், இயலுமிடத்து 9-ஆம் வரிசைப் பதிப்புக்கு மாறுமாறும் ஆலோசனை கூறப்பட்டது. இவ்விரு செய்திகளிலும் குற்றம் மேஜைமேலிருந்த பெட்டிகளுக்குப் படியளக்கும் இடத்தில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நிர்வாகக் கருவியை ஊழியர் அனைவரும் உலவும் வலையில் வைக்கலாகாது என்றும், அதில் நுழைவோருக்குக் கடவுச்சொல்லோடு இரண்டாவதாக ஒரு சோதனையும் வேண்டும் என்றும், யார் எப்போது எந்த விதியை மாற்றினார் என்ற பதிவு அழியாது இருக்க வேண்டும் என்றும் நிபுணர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

பெட்டியின் முன் அமர்ந்திருப்பவருக்கும் இதில் அக்கறை உண்டு. நிர்வாகி தம் இடத்திலிருந்தே ஊழியரின் திரையைப் பார்த்து, சுட்டியைத் தாமே அசைத்துப் பழுது நீக்கும் வசதி இக்கருவிகளில் இருக்கிறது. நிழல் பார்வை என்று இதைச் சொல்வதுண்டு. மொழி தெரியாத ஊரில், தொலைபேசியில் பழுதை விவரிக்கத் திணறும் புது ஊழியருக்கு இது வரப்பிரசாதம். ‘உங்கள் திரையைப் பார்க்கலாமா?’ என்று கேட்டு, ஊழியர் சம்மதித்த பிறகே திறக்கும்படி இதை அமைக்கலாம். கேளாமலே திறக்கும்படியும் அமைக்கலாம். பின்னதற்குக் கூறப்படும் காரணங்கள் எனக்குத் திருப்தி தருவதில்லை. திரையில் இருப்பது வாடிக்கையாளரின் கணக்காக இருக்கலாம், நோயாளியின் குறிப்பாகவும் இருக்கலாம். தம் அலுவலகத்தில் எந்த முறை வழங்குகிறது என்று கேட்டறிய ஒவ்வோர் ஊழியருக்கும் உரிமை உண்டு; கேட்டால் சொல்ல நிர்வாகிக்குச் சிரமமும் இல்லை, ஏனெனில் அது விதிப்பட்டியலில் ஒரே ஒரு வரி.

வெளி மாநிலங்களில் பணி செய்யும் நம்மவர்களிடமிருந்து வரும் ஒரு கேள்வி: ‘இந்தச் சிறு பெட்டியில் தமிழில் தட்டெழுத முடியுமா?’ முடியும். எழுத்துருவைப் பெட்டிக்குள் ஏற்ற வேண்டியதும் இல்லை. எழுத்துகள் வரையப்படுவது தரவு மையத்தில் உள்ள மெய்நிகர் கணிப்பொறியில். பெட்டிக்கு வருவது வரைந்து முடிந்த படம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை முறையானாலும், வேறு முறையானாலும், அது மெய்நிகர் கணிப்பொறியில் இருந்தால் போதும். ஆனால் பெட்டியிலும் விசைப்பலகை மொழி என்று ஓர் அமைப்பு உண்டு. இணைப்பின்போது பெட்டி தன் மொழியை அப்பாலுள்ள கணிப்பொறிக்கு அறிவிக்கும் முறைகளில், பெட்டி ஆங்கிலம் என்று சொன்னால் ஆங்கிலமே முதலில் வந்து நிற்கும். ஆகையால் இரண்டு இடங்களையும் பார்க்க வேண்டும்.

மற்றொரு தடையும் உண்டு. பல அலுவலகங்களில் மெய்நிகர் கணிப்பொறிகள் ஒரே மூலப் படிவத்திலிருந்து காலையில் பிறந்து, ஊழியர் வெளியேறியதும் கலைந்துபோகின்றன. இன்று ஊழியர் தாமே சேர்த்துக்கொண்ட தமிழ் விசைப்பலகை நாளை இருக்காது. ஒவ்வொருவரின் சொந்த அமைப்புகளையும் தனிப் பேழையில் வைத்து மறுநாள் கொண்டுவந்து சேர்க்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. 2018-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய எஃப்எஸ்லாஜிக்ஸ் அவற்றுள் ஒன்று. அது இருக்குமிடத்தில் கவலை இல்லை. இல்லாத இடத்தில், நிர்வாகிக்கு விண்ணப்பம் எழுதும்போது ‘என் கணிப்பொறியில் தமிழ் சேர்க்கவும்’ என்று எழுதினால், அவர் அன்று சேர்த்துக் கொடுத்தது அன்று மாலையே மறைந்துவிடும். ‘மூலப் படிவத்தில் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கவும்’ என்று எழுதுக. அந்தப் படிவம் அடுத்த முறை வெளியிடப்படும்போது, கேட்டவருக்கு மட்டுமின்றி, அதே படிவத்தைப் பயன்படுத்தும் தமிழர் அனைவருக்கும், அவர்கள் எந்த ஊர்க் கிளையில் அமர்ந்திருந்தாலும், அது கிடைத்துவிடும்.